போர்வெல் தண்ணீருக்கு ஒரு ஆர்.ஓ. மெஷின்: கணக்கு எழுதுகிறவனின் விமர்சனம்

அவசரத்தில் இருப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெஷின் நல்ல மெஷின். ஐந்துக்கு நாலு ஸ்டார் தருவேன். குறைத்த ஒரு ஸ்டார் சர்வீஸுக்கு. உங்கள் வீட்டுத் தண்ணீரின் டிடிஎஸ் (லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்ற எண்) 500-க்குக் கீழே இருந்தால் இந்த வகை மெஷின் பக்கமே போக வேண்டாம், காரணம் பின்னால் வருகிறது. இந்த மெஷினுக்கு நான் கொடுத்த பணம் நாட்டின் கணக்கில் எந்தப் பக்கம் ஏறுகிறது என்பதையும் எழுதியிருக்கிறேன். தொழில் புத்தி, விட மாட்டேன் என்கிறது. அது வேண்டாதவர்கள் சர்வீஸ் பகுதியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பிராண்டு பெயர் போடவில்லை. இந்த விலையில் கடையில் மாட்டியிருக்கும் எந்த மெஷினைத் திறந்தாலும் உள்ளே இருப்பது கிட்டத்தட்ட ஒரே சாமான்தான்: முன் வடிகட்டி, கார்பன், பம்ப், உப்பைப் பிரிக்கிற மெம்பிரேன் என்ற சவ்வு, யுவி விளக்கு, அப்புறம் 'மினரல்' என்று எழுதிய ஒரு குப்பி. வெளியே இருக்கும் பிளாஸ்டிக்கின் நிறத்துக்கும் விளம்பரத்தில் வரும் நடிகைக்கும்தான் விலை வித்தியாசம்.

என் ஊர் வாணியம்பாடி. தோல் கம்பெனிகளுக்கும், ஷூ அப்பர் தைக்கும் சின்ன யூனிட்டுகளுக்கும் கணக்கு எழுதி, ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. வீட்டுக்கு இரண்டு தண்ணீர். முனிசிபாலிட்டி குழாயில் வருவது கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக் காவிரித் தண்ணீர், மேட்டூர் பக்கத்திலிருந்து குழாய் வழியே வருகிறது. பாலாறு எங்கள் ஊருக்குள்ளேயே ஓட, குடிக்கக் காவிரி. அது வந்தால் கவலை இல்லை. வராத நாட்களுக்கு வீட்டு போர்வெல்.

போர் தண்ணீரை நாக்கில் வைத்தாலே தெரியும். மழை ஒழுங்காகப் பெய்த வருஷத்தில் டிடிஎஸ் மீட்டர் 1,400 பக்கம் காட்டும், சித்திரை வைகாசியில் 1,900-க்குப் போய்விடும். குடிநீருக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 10500. அதன்படி 500 வரை ஏற்கலாம். வேறு தண்ணீருக்கு வழியே இல்லை என்றால் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். அதாவது எங்கள் தெரு, தர நிர்ணயப் புத்தகத்திலேயே 'வேறு வழியில்லாதவர்கள்' பத்தியில் குடியிருக்கிறது. பேனா மாதிரி இருக்கும் டிடிஎஸ் மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். அது மொத்த உப்பைத்தான் காட்டும், அதில் எது என்ன என்று பிரித்துச் சொல்லாது. தோல் ஊர்க்காரர்கள் ஒருமுறையாவது தண்ணீரை லேபில் கொடுத்து, தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். அதே ஐஎஸ் 10500-ல் குரோமியத்துக்கான வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம்தான்.

இனி மெஷின். எட்டு லிட்டர் டேங்க், பொருத்துகிற கூலியோடு 16,000 ரூபாய் ஆனது. சமையல்கட்டு ஜன்னலுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறோம். ஓடும்போது உர்ரென்று ஒரு சத்தம், ராத்திரியில் ஹால் வரை கேட்கும். டேங்க் நிரம்பினால் தானாக நின்றுவிடும். புது மெம்பிரேனில் 1,800 டிடிஎஸ் உள்ளே போய் 110, 120 ஆக வெளியே வந்தது. டீயின் மேலே மிதக்கும் ஆடை காணாமல் போனது. சாதம் மஞ்சள் பூப்பது நின்றது. பருப்பு வேகிறது. இதற்கு மேல் ஒரு வீட்டுக்காரருக்கு என்ன வேண்டும்?

ஒரு முக்கியமான விஷயம், கடைக்காரர் சொல்ல மாட்டார். உள்ளே 'டிடிஎஸ் கன்ட்ரோலர்' என்று ஒரு சின்னத் திருகு இருக்கும். சுத்தமான தண்ணீர் ருசியில்லாமல் இருக்கிறது என்று சொன்னால் பொருத்துகிற பையன் அதைத் திருப்பிவிடுவான், ருசி வந்துவிடும். எப்படி வருகிறது என்றால், மெம்பிரேன் வழியாகப் போகாத தண்ணீரில் கொஞ்சம் எடுத்து நல்ல தண்ணீரோடு கலந்துவிடுகிறது அந்தத் திருகு. யுவி விளக்கு கிருமியைக் கொல்லும், குரோமியத்தை ஒன்றும் செய்யாது. ஆகவே எங்கள் ஊர்ப் பக்கம் இருப்பவர்கள் அதை முழுசாக மூடச் சொல்லுங்கள். ருசி போகட்டும்.

அடுத்தது வேஸ்ட் தண்ணீர். ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் வர, சுமார் மூன்று லிட்டர் கறுப்பு ட்யூப் வழியாக வெளியே போகிறது. பக்கெட் வைத்து அளந்து பார்த்தேன். 1,800-ஆக உள்ளே போன தண்ணீர், வெளியே வரும்போது 2,350 காட்டியது. உப்பு எங்கும் மறைவதில்லை, நாம் குடிக்காத பங்கில் போய்ச் சேர்கிறது. அம்மா அதைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினார், இலை ஓரமெல்லாம் கருகத் தொடங்கியது. தரை துடைத்தால் காய்ந்த பிறகு வெள்ளை வெள்ளையாகத் திட்டு. இப்போது டாய்லெட்டுக்கு மட்டும். மிச்சம் சாக்கடைக்குப் போய், அங்கிருந்து எங்கே போகும் என்று எல்லாருக்கும் தெரியும்.

இதனால்தான் 500-க்குக் கீழே வேண்டாம் என்றேன். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 மே மாதத்தில் அதையேதான் சொன்னது: 500-க்குக் கீழே டிடிஎஸ் இருக்கும் இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்யுங்கள், மற்ற இடங்களிலும் உள்ளே போகும் தண்ணீரில் 60 சதவீதமாவது நல்ல தண்ணீராக வெளியே வர வேண்டும் என்று சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது. என் மெஷினில் வருவது 25 சதவீதம். கல்யாண மண்டபத்துக்கும் கேன் கம்பெனிக்கும் ஓடுகிற பெரிய பிளான்ட்டுகளை யோசித்துப் பாருங்கள்.

சர்வீஸுக்கு வருவோம். வருஷ ஒப்பந்தம் 4,800 ரூபாய். வடிகட்டிகள் அதற்குள் அடக்கம். மெம்பிரேன் இரண்டு வருஷத்துக்கு ஒன்றுதான் அடக்கம், நடுவில் போனால் 2,600 தனி. போனது. வெளியே வரும் தண்ணீர் 300-ஐத் தாண்டியதும் கம்ப்ளெய்ன்ட் கொடுத்தேன். ஆள் வருவதற்கு முன்பே 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று போனுக்கு மெசேஜ் வந்தது. இரண்டாம் முறை கொடுத்த பிறகு வந்த பையன் நல்லவன், வேலை தெரிந்தவன்.

"சார், உங்க ஊர் தண்ணிக்கு மெம்பிரேன் இவ்வளவுதான் தாங்கும்."

"தம்பி, மேனுவல்ல ரெண்டாயிரம் டிடிஎஸ் வரைக்கும்னு போட்டிருக்கே?"

"மேனுவல டெல்லில உக்காந்து எழுதியிருப்பாங்க சார்."

பழைய மெம்பிரேனைக் கழற்றி என் கையில் கொடுத்தான். சுருட்டிய பாய் மாதிரி இருக்கும் அந்தக் குழல், புதிதாக இருந்தபோது பச்சைத் தண்ணீர் பாட்டில் எடைகூட இல்லை. இப்போது கனத்தது. வாய்ப்பக்கம் சுண்ணாம்பு பூசியது போலப் பொருக்கு, நடுவில் காவி நிறம். சுரண்டினால் உதிரவில்லை. பில்லில் 2,600 எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான். ஜிஎஸ்டி நம்பர் போட்ட பில். அதில் குறை சொல்ல முடியாது.

விமர்சனம் மட்டும் போதும் என்பவர்கள் இங்கே இறங்கிக்கொள்ளலாம். இனி அந்தப் பில் போகிற வழி.

என் 16,000, வருஷா வருஷம் 4,800, மெம்பிரேன் 2,600 எல்லாமே தேசியக் கணக்கில் 'தனியார் இறுதி நுகர்வுச் செலவு', அதாவது வீடுகள் செய்யும் செலவு என்ற தலைப்பில் ஏறுகிறது. மெம்பிரேன் இறக்குமதிச் சரக்கு என்றால் அந்தப் பங்கு கழியும், மிச்சமெல்லாம் ஜிடிபியில், அதாவது நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் கூட்டல். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு மெஷின் மாட்டினால் நாடு வளர்ந்ததாகக் கணக்கு. நாற்பது வருஷத்துக்கு முன்னால் என் தாத்தா கிணற்றில் கயிறு போட்டு இழுத்துக் குடித்த தண்ணீருக்கு ஜிடிபியில் மதிப்பு பூஜ்யம். கெட்டுப்போனபோது எந்தக் கழித்தலும் இல்லை, சுத்தம் செய்யத் தொடங்கியதும் கூட்டல் வந்துவிட்டது.

இது பலர் சொன்னதுதான். எனக்கு உறுத்தியது வேறு. எனக்குத் தெரிந்த ஒரு ஷூ யூனிட், வேலையாட்கள் சாப்பிடும் இடத்தில் இதே மாடலை மாட்டியிருக்கிறது. அவர்கள் கணக்கையும் நான்தான் எழுதுகிறேன். அங்கே அதன் வருஷ ஒப்பந்தம் 'பராமரிப்பு' என்று செலவில் போகிறது. கம்பெனியின் லாபம் அந்த அளவு குறைகிறது. தேசியக் கணக்கிலும் அப்படியே: கம்பெனி செய்யும் இந்தச் செலவு 'இடைநிலை நுகர்வு', உற்பத்தி மதிப்பிலிருந்து கழிக்கப்பட வேண்டியது. சர்வீஸ் கம்பெனிக்கு வரவு, ஷூ கம்பெனிக்குக் கழிவு, இரண்டும் நேருக்கு நேர். ஒரே மெஷின், ஒரே பையன், ஒரே 4,800. அந்த 4,800 கம்பெனிச் சுவருக்குப் போனால் ஜிடிபி அசையாது. என் வீட்டுச் சுவருக்குப் போனால் ஏறும்.

இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டு போங்கள். ஒரு டேனரி (தோல் பதனிடும் ஆலை) தன் கழிவுநீரை ஒழுங்காகப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்பி அதற்குக் காசு கட்டினால், அது இடைநிலைச் செலவு. அந்த டேனரி காட்டும் மதிப்புக் கூட்டல் (உற்பத்தி மதிப்பில் இடைநிலைச் செலவு போக மிச்சம்) அந்த அளவு குறையும். ராத்திரியில் ஓடையில் திறந்துவிட்டால் செலவு மிச்சம், அந்த டேனரியின் மதிப்புக் கூட்டல் உயரும். அப்புறம் ஆற்றோரம் இருக்கிற நாங்கள் மெஷின் வாங்குவோம், அதில் ஜிடிபி ஏறும். திருட்டுத்தனத்துக்கு மதிப்பெண் போடுகிற கணக்குமுறையை எந்த ஆடிட்டரிடமாவது கொண்டு போனால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். (சுத்திகரிப்பு நிலையத்தில் ஓடுவதும் ஆர்.ஓ. மெம்பிரேன்தான், சைஸ்தான் பெரிது. அங்கே மிஞ்சும் உப்புநீரைக் காய்ச்சி வற்ற வைத்தால் மூட்டை மூட்டையாகக் கலப்பு உப்பு. கறிவேப்பிலைச் செடிப் பிரச்சினை அங்கேயும் உண்டு.)

டேனரிகள் வேண்டாம் என்று சொல்பவன் நான் இல்லை. இந்தப் பக்கத்தில் எத்தனை வீட்டு அடுப்பு அதனால் எரிகிறது என்று சம்பளப் பட்டியல் போடுகிறவனுக்குத் தெரியாதா? ஏற்றுமதி வரவு நிஜம், கூலி நிஜம். எனக்கு வேண்டியது இன்னொரு பத்தி, அவ்வளவுதான். டேனரியில் தோல் சுழலும் டிரம்முக்கு வருமான வரிக் கணக்கில் வருஷத்துக்கு 15 சதவீதம் தேய்மானம் எழுதுகிறேன். தண்ணீர் மாசைக் கட்டுப்படுத்தும் கருவிக்கு 40 சதவீதம். டிரம் தேய்கிறது, எழுதுகிறோம். சுத்திகரிக்கிற கருவி தேய்கிறது, அதையும் எழுதுகிறோம். இரண்டுக்கும் தண்ணீர் கொடுத்த நிலத்தடி நீருக்கு மட்டும் பேரேட்டில் ஒரு பக்கம் இல்லை. நாட்டுக் கணக்கிலும் மொத்த உற்பத்தியிலிருந்து தேய்மானத்தைக் கழித்து 'நிகர' உற்பத்தி என்று ஒன்று வெளியிடுகிறார்கள். அந்தக் கழித்தலில் கட்டடமும் மெஷினும் உண்டு. பாலாறு இல்லை.

பாலாற்றுக்கு விலை போட்டுப் பார்த்த இடம் ஒன்று உண்டு, அது நீதிமன்றம். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பு சொன்னது. நீதிபதி குல்தீப் சிங் அமர்வு. மாசு செய்தவனே செலவை ஏற்க வேண்டும் என்ற விதி இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அழுத்தமாகச் சொன்ன தீர்ப்பு, சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்வது. எனக்குப் பிடித்தது அதில் இருக்கும் கணக்குகள். ஒரு கிலோ தோலை முழுசாகப் பதனிட சுமார் 35 லிட்டர் தண்ணீர். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் எடுத்த கணக்குப்படி, டேனரி வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுசாகவோ சாகுபடிக்கு ஆகாமல் போயிருந்தது. நஷ்டத்தை இரண்டு தலைப்பில் கணக்கிடச் சொன்னார்கள்: பாதிக்கப்பட்ட ஆட்களுக்கு எவ்வளவு, கெட்ட மண்ணையும் நீரையும் பழையபடி ஆக்க எவ்வளவு. சரியான தலைப்புகள். தேசியக் கணக்கு எழுதுகிறவர்கள் இன்றைக்கும் இந்த இரண்டு தலைப்பில்தான் தடுமாறிக்கொண்டிருக்கிறார்கள்.

அதற்காக அமைத்த ஆணையம் 2001 மார்ச்சில் தந்த முடிவு: 29,193 பேர், 26.82 கோடி ரூபாய். வகுத்துப் பாருங்கள், தலைக்கு சராசரி 9,200-க்குக் கொஞ்சம் கீழே. 2001-ன் ரூபாய் வேறு, இன்றைய ரூபாய் வேறு, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் கிணறும் நிலமும் போனவருக்கு வந்த சராசரித் தொகை, போன தண்ணீரைச் சுத்தம் செய்ய நான் வாங்கிய மெஷினின் விலையை எட்டவில்லை. வழக்கும் முடியவில்லை. அதே பாலாற்று மாசு பற்றி உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரி 30-ல் மறுபடி ஒரு தீர்ப்பு சொல்ல வேண்டியிருந்தது.

ஒரு விஷயம் கவனியுங்கள். அந்த 26.82 கோடி ஜிடிபியில் வராது. நஷ்டஈடு என்பது ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறும் பணம், புதிதாக எதையும் உற்பத்தி செய்யவில்லை என்பதால் கணக்குக்கு வெளியே. விதிப்படி அது சரிதான். விவசாயி நெல் போடுவதை நிறுத்தியதால் விளைச்சல் குறைந்தது மட்டும் கணக்கில் தெரியும். நிறுத்திவிட்டு ஷூ யூனிட்டுக்கு வேலைக்குப் போனால் அந்தச் சம்பளம் ஏறி, அதையும் மூடிவிடும். நிலம் என்ன ஆனது என்ற கேள்வியை எந்தப் பத்தியும் கேட்காது.

இந்தக் குறையை யாரும் கவனிக்கவில்லை என்று சொல்ல முடியாது. தேசிய வருமானக் கணக்கை அமெரிக்க செனட்டுக்கு 1934-ல் தயாரித்துக் கொடுத்த சைமன் குஸ்நெட்ஸே, இதை வைத்து மக்கள் நலனை அளக்க முடியாது என்று அந்த அறிக்கையிலேயே எச்சரித்தார். 1989-ல் ராபர்ட் ரெப்பெட்டோ என்ற பொருளாதார ஆய்வாளரும் கூட்டாளிகளும் இந்தோனேசியாவின் கணக்கை எடுத்து எண்ணெய், காடு, மண் மூன்றின் தேய்மானத்தை மட்டும் கழித்தார்கள். 1971 முதல் 1984 வரை ஆண்டுக்கு 7.1 சதவீதம் என்று சொல்லப்பட்ட வளர்ச்சி, கழித்த பிறகு 4 சதவீதம் ஆனது. சீனா 2004-ம் ஆண்டுக்கு, சுற்றுச்சூழல் நஷ்டத்தைக் கழித்த 'பசுமை ஜிடிபி' போட்டு 2006-ல் வெளியிட்டது. மாசின் செலவு மட்டும் ஜிடிபியில் 3.05 சதவீதம். அடுத்த வருஷத்து அறிக்கை வெளியே வரவில்லை. மாகாணங்களுக்குப் பிடிக்கவில்லை. பிடிக்குமா?

நம் நாட்டில், இயற்கை வளத்தையும் சேர்த்து தேசியக் கணக்கு எழுதுவது பற்றி, பொருளாதார அறிஞர் பார்த்தா தாஸ்குப்தா தலைமையிலான நிபுணர் குழு 2013-ல் அறிக்கை கொடுத்தது. அதே ஆண்டு உலக வங்கி, இந்தியாவில் சுற்றுச்சூழல் சீர்கேட்டின் செலவு 2009-ல் 3.75 லட்சம் கோடி ரூபாய், ஜிடிபியில் 5.7 சதவீதம் என்று மதிப்பிட்டது. மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் 2018 முதல் 'என்விஸ்டாட்ஸ் இந்தியா' என்ற தலைப்பில் நிலம், காடு, கனிமம், தண்ணீர் ஆகியவற்றுக்குக் கணக்கு வெளியிடுகிறது. ஐ.நா. 2012-ல் ஏற்றுக்கொண்ட சுற்றுச்சூழல்-பொருளாதாரக் கணக்கு முறைப்படி.

அதையும் டவுன்லோட் செய்து பார்த்தேன், விமர்சனத்தோடு விமர்சனமாக அதற்கும் ஸ்டார் போட்டுவிடுகிறேன்: மூன்று. இலவசம், அட்டவணைகள் ஒழுங்காக இருக்கின்றன, ஆரம்ப இருப்பு, கூடியது, குறைந்தது, இறுதி இருப்பு என்று ஸ்டாக் ரிஜிஸ்டர் போலவே போட்டிருப்பதைப் பார்த்தபோது என் தொழிலுக்கு மரியாதை கிடைத்த மாதிரி இருந்தது. குறை என்னவென்றால் பெரும்பகுதி ஹெக்டேரிலும் டன்னிலும் நின்றுவிடுகிறது. ரூபாய்க்கு வரும் இடங்களிலும், அதை ஜிடிபியிலிருந்து கழித்து ஒரு நிகர எண்ணாகக் காட்டுவதில்லை. ஸ்டாக் ரிஜிஸ்டரை எழுதிவிட்டு ஐந்தொகையில் சேர்க்காமல் விட்டால் பார்ட்னர்கள் என்னைக் கேள்வி கேட்பார்கள்.

2025 மார்ச்சில் ஐ.நா. புள்ளியியல் ஆணையம் ஏற்ற புதிய தேசியக் கணக்கு விதிகள் ஒரு நல்ல திருப்பம். இயற்கை வளம் எடுத்துத் தீர்வதை உற்பத்திச் செலவாகவே எழுதி, நிகர உற்பத்தியில் கழிக்கச் சொல்கிறது. நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் அது பொருந்தும். எங்கள் ஊர்ப் பிரச்சினைக்குப் போதாது. எங்கள் போரில் தண்ணீர் தீர்ந்துவிடவில்லை, கெட்டுப்போயிருக்கிறது. அளவு குறைவது வேறு வரி, தரம் குறைவது வேறு வரி. இந்த இரண்டாவது வரி இன்னும் துணைக் கணக்கில்தான் இருக்கிறது, பிரதான பேரேட்டுக்கு வரவில்லை.

தரம் குறைவதற்கு விலை எப்படிப் போடுவது என்று கேட்பீர்கள். எளிதில்லை. கடைச் சரக்கு மாதிரி நிலத்தடி நீருக்கு எம்ஆர்பி கிடையாது. ஆனால் குறைந்தபட்ச மதிப்பு ஒன்று என் பைலில் இருக்கிறது: மெஷின் பில், ஒப்பந்த பில், மெம்பிரேன் பில். தண்ணீர் நல்லபடி இருந்திருந்தால் நான் செய்திருக்கவே மாட்டாத செலவு. இதைப் போன்ற தற்காப்புச் செலவை ஒரு ஊர் முழுக்கக் கூட்டினால், கெட்டது எவ்வளவு என்பதற்கு ஒரு அடிமட்டத் தொகை வரும். மெஷின் வாங்க வசதி இல்லாமல் அதே தண்ணீரைக் குடிக்கிற வீடுகள் அந்தக் கூட்டலில் வரவே வராது. அவர்களிடம் பில் இல்லை. அதனால்தான் அடிமட்டம் என்றேன்.

சரி, மெஷினுக்கே திரும்புவோம். 'கேன் தண்ணியே போதாதா?' என்று கேட்பவர்களுக்காக என் வீட்டுக் கணக்கு. மெஷின் எட்டு வருஷம் ஓடும் என்று வைத்தால் வருஷத்துக்கு 2,000. ஒப்பந்தம் 4,800. இடையில் போகும் மெம்பிரேனுக்குச் சராசரி 1,300. கரண்ட் 300. மொத்தம் 8,400, மாதம் 700. இருபது லிட்டர் கேன் எங்கள் தெருவில் 35 ரூபாய், தினம் ஒன்று என்றால் மாதம் 1,050. மெஷின்தான் மலிவு. இரண்டே பேர் இருக்கிற வீடு, இரண்டு நாளைக்கு ஒரு கேன் போதும் என்றால் கேன் மலிவு. கேன் கம்பெனியும் அதே நிலத்தடி நீரை எடுத்து, அதே மாதிரி மெம்பிரேனில் விட்டுத்தான் கொடுக்கிறது என்பதை மறக்க வேண்டாம். வேஸ்ட் தண்ணீர் உங்கள் கண்ணில் படாது, அவ்வளவுதான்.

வாங்குவதாக இருந்தால் மூன்றை மட்டும் கேளுங்கள். மெம்பிரேன் வருஷ ஒப்பந்தத்தில் எத்தனை முறை அடக்கம் என்பதை எழுத்தில் வாங்குங்கள், வாய்வார்த்தை வேண்டாம். டிடிஎஸ் திருகை மூடிவிட்டுப் போகச் சொல்லுங்கள். வேஸ்ட் ட்யூப்பை சிங்க்கில் விடாமல் பாத்ரூம் பக்கெட் வரை நீளமாகப் போடச் சொல்லுங்கள், அதற்குத் தனியாக 150 ரூபாய் கேட்பார்கள், கொடுக்கலாம்.